பிறர் பெயரில் வரும் பணமும் தம் கையால் நடக்கும் பணியும்

மலையகத் தோட்டங்களில் நிதிப் பொறுப்பேற்புப் பற்றிய சில கருத்துகள்

பழைய மாணவர் சங்கம் விழாக் கொண்டாடும் இவ்வேளையில், கல்லூரியின் கடந்த காலப் பெருமைகளை எண்ணி மகிழ்தல் இயல்பே. ஆயினும், பெற்ற கல்வியின் பயனைப் பிறர்க்கு ஈவதெவ்வாறு என்னும் வினாவும் உடன் எழுதல் வேண்டும். மலையகத் தோட்டங்களிற் பணி செய்ய விரும்பும் பழைய மாணவர் எமக்கு எழுதும் கடிதங்களில் அடிக்கடி காணப்படுவது ஒரே கேள்வி: "பணம் அனுப்ப ஆயத்தமாக உள்ளோம், யார் பெயருக்கு அனுப்புவது?" கேட்பதற்கு எளிய கேள்வி. ஆனால் விடை எளிதன்று என்பதை நாம் பட்டறிந்தே கற்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், அட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தின் மாரியம்மன் கோவில் மண்டபத்தில் மாலை வகுப்பொன்று நடைபெற்று வந்தது. வகுப்பை நடத்தியவர்கள் அத்தோட்டத்து மக்களே. தோட்டத் தலைவர் ஒருவர், மாதர் சங்கத் தலைவி, உயர்தரம் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞர் இருவர், கொழுந்து பறிக்கும் தாய்மார் சிலர் ஆகியோர் கூடி ஒரு குழு அமைத்திருந்தனர். நாம் உதவிக்குச் சென்றவர்கள் மாத்திரமே. வெளிநாட்டில் வாழும் அன்பரொருவர் வகுப்பின் பெயருக்கே ஒரு காசோலை அனுப்பினார். அப்பெயரில் எவ்விதப் பதிவும் இல்லை, கணக்கும் இல்லை. ஆதலின் வங்கி அதனை ஏற்கவில்லை. பதிவு பெற்ற ஓர் அமைப்பினரை நாடினோம். அவர்கள் மனமுவந்து தம் கணக்கிற் பணத்தை ஏற்றனர். எழுத்தில் ஒன்றும் இல்லை. வாய்ச்சொல்லே போதுமென எண்ணினோம். வந்த பணம் அவ்வமைப்பின் பொதுப் பணத்தோடு கலந்தது. நாம் சென்று கேட்டபொழுது, அது வேறோர் அவசரத் தேவைக்குச் செலவாகியிருந்தது. சிறிது சிறிதாக அது திருப்பித் தரப்பட்டது உண்மை. ஆனால் அதற்குள் அவ்வாண்டுச் சாதாரண தரப் பரீட்சை முடிந்துவிட்டது. பயிற்சி நூல்களும் விளக்குகளும் இன்றியே பிள்ளைகள் பரீட்சை எழுதினர்.

குழுக் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, "எங்கள் பிள்ளைகளின் பேரில் வந்த காசு, எந்தப் புத்தகத்தில் எங்கள் பேரில் எழுதியிருந்தது, ஐயா?" என்று கேட்டார். எம்மால் விடை கூற இயலவில்லை. களவு என்று எவரையும் குற்றஞ்சாட்ட இடமில்லை. எழுதிக்கொள்ளாமை எமது பிழை. அப்பிழை பிறர்க்கும் நேராதிருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிதிப் பொறுப்பேற்பு என்பது யாது?

ஒரு சிறு குழுவினரிடம் நல்ல திட்டம் இருக்கிறது. உழைக்க ஆட்கள் இருக்கின்றனர். ஆனால் சட்டத்தின் கண்ணில் அக்குழு ஓர் "ஆள்" அன்று. வேறொரு நிறுவனம் சட்டப்படி பதிவு பெற்றது. வங்கிக் கணக்கும் கணக்காய்வும் உடையது. அந்நிறுவனம் குழுவின் பொருட்டுப் பணத்தைப் பெற்று, தனிக் கணக்கில் வைத்து, குழு கேட்கும்போது கொடுத்து, கொடுத்தவருக்கும் அரசாங்கத்துக்கும் கணக்குக் காட்டுகிறது. பணியைச் செய்வது குழு. பணத்துக்குப் பொறுப்பேற்பது நிறுவனம். இவ்வேற்பாட்டையே நிதிப் பொறுப்பேற்பு என்கிறோம்.

ஐக்கிய அமெரிக்காவில் இம்முறை நன்கு வேரூன்றியுள்ளது. அங்கு, வரிச் சட்டத்தின் கீழ் அறநிறுவனமாக ஏற்கப்பட்ட அமைப்புக்குக் கொடுத்தாலன்றிக் கொடையாளருக்கு வரிச் சலுகை கிடையாது. ஆகவே சிறு குழுக்கள் பெரிய நிறுவனங்களின் நிழலை நாடின. 1976-இல் சான் பிரான்சிஸ்கோவில் தோன்றிய ரைட்ஸ் நிறுவனம் இத்துறையிற் பெயர் பெற்றது. கிரகரி கொல்வின் என்னும் வழக்கறிஞர் 1993-இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஆறு வடிவங்களை வகுத்துக் காட்டினார். அவற்றுள் இரண்டை அறிந்தால் எமது தேவைக்குப் போதும். முதலாவதில், திட்டம் நிறுவனத்தின் ஓர் உறுப்பாகவே ஆகிவிடும். சம்பளம், கடன், வழக்கு யாவும் நிறுவனத்தையே சாரும். மற்றையதில், குழு தனித்தே நிற்கும். நிறுவனம் பணத்தைப் பெற்று, உடன்படிக்கைப்படி அதனைக் குழுவுக்கு மீளக் கொடுக்கும். முன்னதிற் பாதுகாப்பு மிகுதி. பின்னதிற் சுதந்திரம் மிகுதி.

இலங்கையில் இப்பெயரால் தனிச் சட்டம் ஒன்றும் இல்லை. ஒப்பந்தச் சட்டமும் 1917-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டமுமே அடிப்படை. பொறுப்பேற்கும் நிறுவனமோ 1980-ஆம் ஆண்டின் 31-ஆம் இலக்கத் தன்னார்வச் சமூக சேவை அமைப்புகள் சட்டம், 1972-இன் கூட்டுறவுச் சங்கச் சட்டம், 2007-இன் கம்பெனிகள் சட்டம் ஆகியவற்றுள் ஒன்றின் கீழ்ப் பதிவு பெற்றிருக்கலாம்.

இது எமக்குப் புதிதன்று

பெயர் புதிதாயினும் பொருள் புதிதன்று. இந்துக் கல்லூரிகளின் வரலாற்றைப் புரட்டுவோர்க்கு இது விளங்கும். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி முளைவிட்டது 1886-இல் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை அவர்கள் தொடக்கிய சிறு பாடசாலையில் என்பதை யாவரும் அறிவர். அது 1890-இல் சைவ பரிபாலன சபையின் பொறுப்புக்கு வந்த பின்னரே நிலைத்து வளர்ந்தது. தனியொருவர் முயற்சியை ஒரு சபை தன் பெயரால் தாங்கிய வரலாறு அது.

இதனினும் தெளிவான சான்று 1923-இல் நிறுவப்பட்ட சைவ வித்தியா விருத்திச் சங்கம். அக்காலத்தில் அரசாங்க உதவிப் பணம், அங்கீகரிக்கப்பட்ட முகாமையாளர் ஒருவரின் வழியாகவே பாடசாலைக்குக் கிடைக்கும். ஒரு சிற்றூரார் கொட்டில் கட்டலாம், காணி கொடுக்கலாம், பிள்ளைகளைச் சேர்க்கலாம். முகாமையாளர் இன்றேல் உதவிப் பணம் இல்லை. "இந்து போட்" இராசரத்தினம் என்று மக்கள் போற்றிய பெருமகன் காலத்தில், இச்சங்கம் ஊர்ப் பாடசாலைகள் பலவற்றுக்கு அம்முகாமைப் பொறுப்பைத் தாங்கியது. ஊர் உழைத்தது, சங்கம் கணக்கு வைத்தது. 1960, 1961-ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசாங்கம் பாடசாலைகளைப் பொறுப்பேற்கும் வரை இவ்வொழுங்கு நிலவியது. எம்மில் முதியோர் பலருக்கு ஏடு தொடக்கியவை அத்தகைய பாடசாலைகளே.

மலையகத்துக்கு இது ஏன் வேண்டும்?

தோட்டங்களில் ஊரும் சபையும் உருவாக வாய்ப்பே இருந்ததில்லை. 1820-களிற் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கி, 1867-இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலை நட்ட பின்னர்ப் பெருகிய இம்மக்கள், தாம் வாழ்ந்த லயத்துக்கும் நின்ற நிலத்துக்கும் உரிமையாளர் அல்லர். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் வரை அக்குறை முற்றும் நீங்கவில்லை. உள்ளூராட்சியும் அவர்களை அணுகவில்லை. 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், தோட்டங்களுக்குட் சபைப் பணத்தைச் செலவிட இடையூறாக இருந்தது. 2018-இலேயே அது திருத்தப்பட்டது. கடிதங்கூடத் தோட்ட அலுவலகத்தின் வழியே வந்து சேர்ந்த லயங்கள் பல. விலாசமும் காணியும் இல்லாதவர் கூடிச் சங்கம் அமைத்தால், பதிவுப் படிவத்தின் முதல் வரியிலேயே தடுமாறுவர். ஆதலின் பிறரொருவர் பெயரைக் கடனாகப் பெறுதல் அவர்கட்கு வசதிக்காக அன்று; பல வேளைகளில் அதுவே வழியாக இருந்தது.

எனினும் ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. தம் பணத்தைப் பிறர் கையிற் காண்பது தோட்டத்து மக்களுக்குப் பழைய துன்பம். பெரிய கங்காணி முற்பணம் கொடுத்து ஆள் சேர்த்த காலத்தில், கடன் கணக்கு அவன் கையில் இருந்தது. கடனைக் குறித்த "துண்டு" இன்றி ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போதல் அரிது. 1921-இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. பின்னர்க் கணக்கு, செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேட்டிற் புகுந்தது. தொழிற்சங்கச் சந்தா, கோவில் வரி, மரண உதவிச் சங்கக் காசு, சலவைத் தொழிலாளிக்கும் சவரத் தொழிலாளிக்கும் உரிய கூலி எனப் பலவும் சம்பளத்திற் கழிக்கப்பட்டன. உற்று நோக்கின் இதுவும் ஒருவகை நிதிப் பொறுப்பேற்பே. கோவிற் கமிட்டிக்குக் கணக்கு இல்லை; ஆதலால் தோட்ட அலுவலகம் திரட்டிக் கொடுத்தது. திருவிழாக்களும் தேர்களும் அவ்வாறு நடந்தன. நன்மை இல்லையென்று கூறுவதற்கில்லை. ஆனால் கழித்தவர் யார், கொடுத்தது எவ்வளவு, மிச்சம் எங்கே என்று கேட்கும் உரிமை கொழுந்துக்கூடை சுமந்தவருக்கு எளிதிற் கிடைத்ததில்லை.

ஊழியர் சேமலாப நிதியின் கதை இதனினும் கசப்பானது. 1958-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளியின் பங்கையும் தொழில் கொள்வோரின் பங்கையும் உரிய காலத்தில் நிதியிற் செலுத்துதல் கடமை. அவ்வாறிருந்தும், அரசின் பொறுப்பிலிருந்த தோட்டங்கள் சிலவற்றில் நிலுவை ஆண்டுக் கணக்கிற் குவிந்தமை நாடறிந்த செய்தி. ஓய்வு பெற்றவர்கள் தமது சொந்தப் பணத்துக்காகக் காத்திருந்தனர். பிறர் பெயரிற் பணத்தை வைத்திருத்தல் எத்துணைப் பாரிய பொறுப்பு என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மலையகத்து முயற்சிகள்

இனி நற்சான்றுகளையும் நோக்குவோம். 1972-இல் அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் கண்டியில் நிறுவிய சத்தியோதயம், தோட்டத்து மக்களையும் அயற் கிராமத்து மக்களையும் ஒருங்கே நோக்கிப் பணி செய்தது. 1974-இற் பெருந்தோட்டப் பகுதிகளுக்கான ஒருங்கிணைப்புச் செயலகம் அமைந்தது. தனித்து நிற்க இயலாத சிறு குழுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்க இத்தகைய அமைப்புகள் இடங்கொடுத்தன.

தோட்ட நிருவாகம் 1992-இற் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபொழுது, அரசாங்கமும் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் கூடிய முத்தரப்பு நிதியமொன்று உருவாகியது. அதுவே பிற்காலத்திற் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப் பெயர் பெற்றது. வீடு, குடிநீர், மலசலகூடம், பிள்ளைக் காம்பரா ஆகியவற்றுக்கான அரசாங்க நிதியும் வெளிநாட்டு நிதியும் அதன் வழியே தோட்டங்களைச் சேர்ந்தன. தோட்டந்தோறும் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. மேலே பணத்துக்குப் பொறுப்பேற்கும் நிறுவனம், கீழே பயன்பெறுவோரின் சங்கம் என்னும் அமைப்பு இதிற் காணப்படுகிறது. இந்திய அரசின் உதவியால் மலையகத்துக்கென ஒதுக்கப்பட்ட 4,000 வீடுகளுள் முதல் 404 வீடுகள் 2018 ஆகத்து மாதத்தில் நுவரெலியாவிற் கையளிக்கப்பட்டன. அங்கும் கொடையாளரின் பணம் செயற்படுத்தும் நிறுவனங்களின் வழியாகவே குடும்பங்களைச் சென்றடைந்தது.

இவற்றின் பயனை எவரும் மறுக்கார். ஆயினும் மேலிருந்து அமைக்கப்பட்ட சங்கத்தில், உறுப்பினர் பயனாளிகளாகவே எஞ்சிவிடும் ஆபத்து உண்டு. மக்கள் தாமே தொடக்கிய பணியைத் தாங்குவதே உண்மையான நிதிப் பொறுப்பேற்பு. தாங்குவோர் தலைவராகிவிடின் அது வேறொன்றாகிவிடும்.

நடைமுறை எவ்வாறு?

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். நுவரெலியாப் பகுதியில் ஒரு தோட்டப் பிரிவில் 60 குடும்பங்கள் ஊற்று நீரைக் குழாய் வழியே கொண்டுவர முனைகின்றன என்று வைத்துக்கொள்வோம். கொடையாளர் தரும் பணம் 12,00,000 ரூபா. பொறுப்பேற்கும் நிறுவனம் கணக்கு வைத்தற்கும் கணக்காய்வுக்கும் ஒரு கட்டணம் பெறும். உலக வழக்கில் இது பெரும்பாலும் நூற்றுக்கு 5 முதல் 15 வரை. ஈண்டு நூற்றுக்கு 8 எனக் கொள்ளின், கட்டணம் 96,000 ரூபா. பணிக்கு எஞ்சுவது 11,04,000 ரூபா. இக்கணக்கைத் தொடக்கத்திலேயே எல்லாக் குடும்பங்களுக்கும் கூறிவிடுதல் வேண்டும். பின்னர்த் தெரியவரும் 96,000 ரூபா, கூலியாகத் தோன்றாது; கொள்ளையாகவே தோன்றும். மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளிற் குழி தோண்டிய சிரமதான உழைப்பையும் ஏட்டிற் பதிதல் வேண்டும். பணத்தை மாத்திரம் எழுதும் கணக்கு, உழைத்தவரை இரவலராக்கிக் காட்டும்.

தவறினால் என்னாகும்? 2012-ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் கலிபோர்னியாவின் இன்டர்நாஷனல் ஹியூமானிட்டீஸ் சென்டர் என்னும் நிறுவனம் திடீரென மூடப்பட்டது. அதன்கீழ் இருந்த சிறு திட்டங்கள் ஏறத்தாழ 10 இலட்சம் டொலரை இழந்தன. இதற்கு மாறாக, ஓப்பன் கலெக்டிவ் பவுண்டேசன் என்னும் நிறுவனம் தான் கலையப் போவதை 2024-இன் தொடக்கத்திலேயே அறிவித்து, ஆண்டிறுதிக்குள் வேறிடம் தேடுமாறு குழுக்களுக்கு அவகாசம் கொடுத்தது. திடீர் மாற்றத்தாற் குழுக்கள் அல்லற்பட்டது உண்மை. எனினும் முன்னறிவித்தலும் அவகாசமும் இருந்தன. நிறுவனங்கள் நிலையாமை உடையன. ஆதலின் முடிவைப் பற்றிய விதியைத் தொடக்கத்திலேயே எழுதுவதே அறிவுடைமை.

ஐந்து நிபந்தனைகள்

எமது பட்டறிவிலிருந்து ஐந்து நிபந்தனைகளைப் பணிவுடன் முன்வைக்கின்றோம்.

முதலாவது, எழுத்து. உடன்படிக்கை தமிழில் இருத்தல் வேண்டும். கூட்டத்தில் உரக்க வாசிக்கப்படுதல் வேண்டும். வாசிக்க இயலாதவர் ஒருவர் இருப்பினும் அவருக்கும் விளங்கும் வரை கையொப்பம் இடலாகாது.

இரண்டாவது, தனிக் கணக்கு. குழுவின் பணம் நிறுவனத்தின் பொதுப் பணத்தோடு ஒருநாளும் கலத்தல் ஆகாது. "பிறகு திருப்பி வைக்கலாம்" என்னும் சொல்லே கேட்டின் தொடக்கம்.

மூன்றாவது, முடிவு செய்யும் உரிமை. எதற்குச் செலவிடுவது என்பதைக் குழுவே தீர்மானித்தல் வேண்டும். சட்டத்துக்கும் கொடையின் நோக்கத்துக்கும் மாறானதை மாத்திரம் நிறுவனம் தடுக்கலாம். குழுவின் கையொப்பகாரருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் நன்று. மலைச்சரிவில் நின்று தோட்டத்தின் வருவாயை ஈட்டுவோர் பெரும்பாலும் பெண்களே.

நான்காவது, பகிரங்கம். மாதந்தோறும் சம்பள நாளை அடுத்து, வரவு செலவு மிச்சம் மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கோவிற் சுவரிலோ பிள்ளைக் காம்பராவின் கதவிலோ ஒட்டுதல் வேண்டும். இதற்குச் செலவு ஒரு தாளும் சிறிது பசையுமே.

ஐந்தாவது, பிரிவு. குழு பதிவு பெற்றுத் தனித்து நிற்கும் நாளில், எஞ்சிய பணமும் வாங்கிய பொருள்களும் எத்தனை நாளுக்குள் கையளிக்கப்படும் என்பதை நாட்கணக்கிற் குறித்தல் வேண்டும். நிறுவனம் கலையினும் இதே விதி.

இறுதி நிபந்தனையே தலையாயது என்பது எம் கருத்து. தேயிலை நாற்றுமேடையைக் கண்டோர் இதனை உணர்வர். இளங்கன்றுக்கு முதலிற் பந்தலிட்டு நிழல் தருவர். பின்னர், நாட் செல்லச் செல்ல அந்நிழலைச் சிறிது சிறிதாகக் குறைத்து வெயிலுக்குப் பழக்குவர். அதன் பின்னரே கன்று மலையில் நடப்படும். நிழலே இல்லையேற் கன்று கருகும். நிழல் நீங்காதேற் கன்று மலைக்கு உதவாது. பொறுப்பேற்கும் நிறுவனமும் அப்பந்தலை ஒத்ததே.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்

எமது பழைய மாணவர் சங்கம் யாப்பும் வங்கிக் கணக்கும் ஆண்டுக் கணக்காய்வும் உடையது. எம்மிடையே கணக்காளர் உளர், வழக்கறிஞர் உளர், வங்கி அலுவலர் உளர். மலையகத்தில் மாலை வகுப்பு நடத்தும் ஒரு குழுவுக்கு, மேற்கூறிய ஐந்து நிபந்தனைகளோடு மூன்றாண்டுக் காலத்துக்கு இச்சங்கம் பொறுப்பேற்றாலென்ன? பெருந்தொகை வேண்டுவதில்லை. யாப்பு இடந்தராதேல் அடுத்த பொதுக் கூட்டத்தில் அதனைத் திருத்தலாம். எம் முன்னோர்க்கு ஒரு சபை தன் பெயரைக் கொடுத்தது; அப்பெயரால் வளர்ந்த நாம் எம் பெயரைப் பிறர்க்குக் கொடுத்தல் கடன் தீர்த்தலே அன்றிக் கொடை அன்று.

மாணவர்க்கும் இதில் இடமுண்டு. வணிகவியல் கற்போர் மாதந்தோறும் ஒரு தாள் கணக்கை எழுதிப் பழகலாம். ஆசிரியர்கள் அதனைப் பாடமாகவே கற்பிக்கலாம்.

கோவில் மண்டபத்து வகுப்பு இன்றும் நடைபெறுகிறது. அன்று வினவிய தாயே இப்பொழுது குழுவின் பொருளாளர். மாதத் தாளை அவரே சுவரில் ஒட்டுகிறார். ஒட்டுமுன் தம் மகளைக் கொண்டு இருமுறை வாசிக்கச் செய்கிறார். எமது சங்கத்தின் பெயரும் ஒருநாள் அத்தாளின் தலைப்பில் இடம்பெறுமாயின், விழா எடுத்தமைக்கு அதனினும் தக்க அடையாளம் வேறொன்று இராது.